அக்கா உப்பை விட்ட வருஷம்

உப்பு தண்ணீரில் கரைந்தால் காணாமல் போய்விடுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கண்ணுக்குத்தான் அது காணாமல் போகிறது. மலைமேல் இருக்கிற வில்பட்டியில், கார்னேஷன் பூ வளர்க்கிற ஒரு பாலிஹவுஸில், பிளாஸ்டிக் கூரை போட்ட பூந்தோட்டத்தில், உரம் கரைப்பது என் வேலை. பூவுக்கு வேண்டிய உப்புகளைத் தொட்டியில் கொட்டிக் கலக்கி, சொட்டுநீர்க் குழாயில் விட வேண்டும். எல்லாம் கரைந்து தண்ணீர் தெளிந்த பிறகு ஒரு சின்ன மீட்டரை முக்கிப் பார்ப்பேன். உள்ளே எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அது காட்டிவிடும். தண்ணீரைக் கூட்டினால் எண் இறங்கும், உப்பைப் போட்டால் ஏறும். இதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

ஒவ்வொரு உப்புக்கும் ஒரு குணம் உண்டு. பொட்டாசியம் நைட்ரேட்டைக் கொட்டினால் அது கரையும்போதே தண்ணீர் சில்லிட்டுப் போகும். மார்கழிக் காலையில் அந்தத் தொட்டிக்குள் கை விட்டவளுக்குத்தான் அந்த வேதனை தெரியும். கால்சியம் நைட்ரேட்டையும் எப்சம் உப்பையும் ஒரே தொட்டியில் கெட்டியாகக் கரைத்தால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகப் படிந்து குழாயெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதனால் இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி வைத்திருக்கிறோம். இத்தனையும் தெரிந்த எனக்கு, மனுஷ உடம்பும் ஒரு தொட்டிதான் என்று அந்தத் தை மாதம் வரை தோன்றியதே இல்லை.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மதுரையில் ஊசி குத்தி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவள் என் அக்கா. சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றும் இல்லை என்று வந்தபோது நான் அழுதேன். அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள்.

மலை ஏறுகிற பஸ்ஸில், சந்தைக்குப் போகிற செய்தி சொல்வது போல அவள் விஷயத்தைச் சொன்னாள். அந்த வராந்தாவில் உட்கார்ந்து முருகனிடம் பேசி முடித்துவிட்டாளாம். தங்கச்சிக்கு ஒன்றும் இல்லை என்று வந்தால், மார்கழியில் மாலை போட்டு, உப்பைத் தொடாமல் விரதம் இருந்து, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருவதாக வேண்டுதல்.

எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் உயிரை நடுவில் வைத்து ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதுவும் எதை விடுவதாக? உப்பை. சாப்பிட உட்கார்ந்தால் உப்பு டப்பாவைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறவள் என் அக்கா. நான் என்ன சமைத்தாலும் ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பு பத்தல என்பாள். அதைச் சொல்லாமல் என் வீட்டில் அவள் கை கழுவியதே கிடையாது.

"நீ உப்புத் திங்கலேன்னா அந்த மனுசனுக்கு என்ன கூடப்போகுது?" என்று கேட்டேன். முருகனைத்தான் சொன்னேன்.

"வாயக் கழுவுடி" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

சொன்னபடியே மார்கழியில் மாலை போட்டாள். பச்சைச் சேலை கட்டி, வெள்ளனே எழுந்து உறைபனித் தண்ணீரில் குளித்து, உப்பில்லாத பொங்கலும் பழமும் பாலும் தின்று நாளை ஓட்டினாள். ஐம்பதைத் தாண்டியவள். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். அந்த மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடவில்லை. மருந்தில் அவள் அவ்வளவு ஒழுங்கு. முகம் வெளுத்து வருகிறதே என்று நான் சொன்னபோது, விரதக்களை என்று சிரித்தாள்.

எங்கள் ஊர்க் கூட்டத்தோடு நானும் கிளம்பினேன். எனக்கு மாலையும் இல்லை, விரதமும் இல்லை. எனக்காக நடக்கிறவளைத் தனியாக விட மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, மாலை போட்டிருந்தார். ஆனால் உப்பை விடவில்லை. கூட்டத்தை நடத்திப் போன குருசாமி எங்கள் பக்கத்தில் பூண்டு போடுகிற விவசாயி, நல்ல மனுஷன். கூட நடக்கிற எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

மலையில் இருக்கும்வரை யாருக்கும் தாகம் தெரியாது. குளிரில் தண்ணீர்ச் செம்பைத் தொடவே கை கூசும். பழனி ரோட்டில் வளைவு வளைவாக இறங்க இறங்க ஸ்வெட்டர் இடுப்புக்குப் போனது, துண்டு தலைக்கு வந்தது. வழியில் ஒருநாள் தங்கிக் கீழே இறங்கியபோது வெயில் முகத்தில் அறைந்தது. அங்கிருந்து தண்ணீர்ப் பந்தல்கள் தொடங்கின. நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். செம்பை வாய் வரை கொண்டுவந்து, குடிங்க சாமி என்பார்கள். அக்காவும் யார் நீட்டினாலும் மறுக்காமல் குடித்தாள். மோரை மட்டும் தள்ளினாள். மோரில் உப்பு போட்டிருப்பார்கள். எலுமிச்சைச் சாறு கொடுத்த இடத்தில், உப்பு போட்டதா என்று கேட்டு, ஆமாம் என்றதும் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு செம்பு வெறும் தண்ணீரைக் குடித்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று அந்த மோரைக் குடித்தேன். நன்றாக இருந்தது.

அன்று காலையிலேயே தலை வலிக்கிறது என்றிருந்தாள். பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடந்தாள். பிறகு குமட்டுகிறது என்று ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீராக வந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். வாந்தி எடுத்த உடம்புக்கு இன்னும் தண்ணீர் வேண்டும் என்று ஆளாளுக்குச் செம்பைக் கொண்டுவந்தார்கள்.

பழனிக்குக் கொஞ்ச தூரம் இருக்கையில் ஒரு மாந்தோப்பில் கூட்டம் இளைப்பாறியது. அக்கா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து, "அம்மா, லாரி போயிருச்சா?" என்று கேட்டாள்.

எங்கள் அம்மா இறந்து பல வருஷம் ஆகிறது. அம்மா இருந்த காலத்தில் எங்கள் கேரட் மூட்டைகள் சந்தை லாரியில் போகும். அக்கா, நான்தான் என்றேன். அவள் கண் என்மேல் இருந்தது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை.

"கேரட்டு அப்படியே கெடக்கு. மூட்டைய எறக்கு" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். குரல் ஏறிக்கொண்டே போனது. தலை ஒரு பக்கமாக ஆடத் தொடங்கியது.

பக்கத்தில் இருந்த யாரோ, சாமி வந்திருச்சு என்றார்கள். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. தோப்பில் இருந்த வேறு கூட்டத்துக்காரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். சூடம் ஏற்றினார்கள். அரோகரா என்று குரல் எழுந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் அக்காவின் காலில் விழுந்து, மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாள். அக்கா கேரட்டு மூட்டையைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண் அதை வாக்காக வாங்கிக்கொண்டு தேம்பி அழுதாள். குருசாமி பயபக்தியோடு திருநீறு கரைத்த ஒரு சொம்பு தண்ணீரை அக்காவின் வாயில் வைத்துப் புகட்டி, சொம்பை அவள் கையில் கொடுத்தார். மாமா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். என்னைத் தவிர அங்கே பயந்தவர்கள் யாரும் இல்லை.

அக்காவுக்குச் சாமி வராது என்று நான் சொல்லவில்லை. வரும். எங்கள் ஊர்த் திருவிழாவில் வருஷம் தவறாமல் வரும். சிறு வயதிலிருந்து அவளைப் பிடித்துக்கொள்ளும் வேலை என்னுடையது. சாமி வந்தால் அவள் பிடி இரும்புப் பிடி. நான்கு பேர் சேர்ந்தாலும் அவள் விரலைப் பிரிக்க முடியாது. என் மணிக்கட்டு கன்றிப் போய் இரண்டு நாள் வலிக்கும். இப்போது அவள் கை என் மடியில் துணி போலக் கிடந்தது. குருசாமி கொடுத்த சொம்பு அவள் விரலிலிருந்து நழுவி விழுந்து, தண்ணீர் மண்ணில் ஓடியது.

நான் எழுந்து சத்தம் போட்டேன். இது சாமி இல்லை, தள்ளுங்கள் என்றேன். யாரும் தள்ளவில்லை. விரதம் இல்லாதவள் பேசுகிறாள் என்பது போல ஒரு பார்வை பார்த்தார்கள். இவர்களோடு மல்லுக்கு நின்று பிரயோஜனம் இல்லை என்று மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மாமா, கண்ணத் தொறங்க. அவ கையப் பிடிச்சுப் பாருங்க. சாமி வந்த கையா இது?"

அவர் குனிந்து கையைப் பிடித்தார். ஊர்த் திருவிழாவில் அவரும் அந்தப் பிடியில் அகப்பட்டவர்தான். விட்டுப் பார்த்தார், கை பொத்தென்று விழுந்தது. மனுஷன் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது.

அன்னதானத்துக்குக் காய்கறி இறக்கிவிட்டு குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. நான் ரோட்டின் நடுவில் நின்று அதை மறித்தேன். குருசாமி என் பின்னால் ஓடி வந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் தடுக்கவில்லை.

"சன்னதிக்குப் போகாம வண்டியில ஏத்துனா வேண்டுதல் அத்துப்போகும் சாமி. யோசிச்சுச் செய்ங்க."

"அது எனக்கு வச்ச வேண்டுதலுங்க. அத்துப்போனா போகட்டும். தூக்குங்க."

குருசாமிதான் முதலில் அவள் காலைப் பிடித்துத் தூக்கினார்.

தைப்பூசக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. காவடிகளும் மேளமும் ரோட்டை அடைத்துக்கொண்டு போயின. ஹாரன் அடித்தால் யார் காதிலும் விழவில்லை. தடுப்புக் கட்டைகளைச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசிக்கொண்டிருந்தபோது பயமாக இருந்தது, நிறுத்தியபோது அந்தப் பேச்சே வந்தால் போதும் என்றிருந்தது. லாரி போயிருச்சா என்று கேள், நான் பதில் சொல்கிறேன் என்று அவள் காதுக்குள் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவள் பல் கிட்டிக்கொண்டது. உடம்பு முறுக்கி வெட்டி வெட்டி இழுத்தது. மாமா ஐயோ என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வலிப்பை ஊசி போட்டு நிறுத்தினார்கள். டாக்டர் ஒரு பெண், என் வயசுதான் இருக்கும். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எவ்வளவு தண்ணீர் குடித்தார், என்ன சாப்பிட்டார் என்று வரிசையாகக் கேட்டார். பொங்கல், பழம், பால் என்றேன். உப்பில்லாத விரதம் என்றதும் அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை நாளா?"

மார்கழியிலிருந்து என்றேன். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வந்ததும் எங்களைத் தனியே கூப்பிட்டார்.

"ரத்தத்துல உப்பு ரொம்ப இறங்கிடுச்சும்மா. உப்பும் சாப்பிடல, பிரஷர் மாத்திரையும் உப்பை வெளிய தள்ளியிருக்கு. அதுக்கு மேல அவ்வளவு தண்ணி. உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணி போகும். இப்ப மூளைக்குள்ள போய் வீங்கியிருக்கு."

எனக்கு என் தொட்டி கண்ணில் வந்தது. உப்பு போடாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் மீட்டர் என்ன காட்டும் என்று எனக்குத் தெரியாதா? புண்ணியம் என்று நீட்டிய ஒவ்வொரு செம்பும் அந்த எண்ணை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. யாரைக் குற்றம் சொல்வது? எல்லோரும் அன்பாகத்தான் கொடுத்தார்கள்.

உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றத் தொடங்கினார்கள். வலிப்பு திரும்பி வராமல் இருக்க முதலில் கொஞ்சம் கெட்டியாகக் கொடுத்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு சொட்டாக, எண்ணி வைத்த மாதிரி இறங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. உப்பு குறைந்துபோனால் உப்பைப் போட வேண்டியதுதானே, இதில் என்ன கஞ்சத்தனம்? வெரசா ஏத்துங்க டாக்டர் என்று இரண்டு தரம் போய்ச் சொன்னேன். மூன்றாம் தரம் அவருக்கும் கோபம் வந்தது. குறைந்து குறைந்து அந்த அளவுக்கு மூளை பழகியிருக்கிறது, படக்கென்று ஏற்றினால் உள்ளே இருக்கிற தண்ணீரெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்துவிடும், பிழைத்தாலும் பேச்சும் கைகாலும் போய்விடலாம் என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கப் போகவில்லை. கெட்டி உரத்தை நேரே விட்ட செடி வேரிலிருந்த தண்ணீரையும் இழந்து கருகுவதை நான் பார்த்திருக்கிறேன். அதை அக்காவோடு சேர்த்து நினைக்க முடியவில்லை.

சில மணி நேரத்துக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்தார்கள். எண் ஏறியிருக்கிறதா என்று கேட்கும்போதே, அதிகமாக ஏறிவிடக் கூடாதே என்றும் கும்பிட வேண்டியிருந்தது. இடையில் அக்கா கண் திறக்காமலே, தண்ணி, தண்ணி என்று முனகினாள். குடிக்கக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உதட்டை நனைக்க மட்டும் ஈரப் பஞ்சு தந்தார்கள். தண்ணீர் கேட்கிறவளுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று எங்களுக்கெல்லாம் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போய் மாமாவின் பையில் அடியில் ஒளித்து வைத்தேன். அவர் மனசு இளகி எடுத்துவிடுவார் என்று பையின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு அவள் கண்ணைத் திறந்தாள். டாக்டர் குனிந்து, இது என்ன ஊர் என்று கேட்டார். அக்கா தலைக்கு மேல் தொங்கிய பாட்டிலைப் பார்த்தாள். கையில் குத்தியிருந்த குழாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அது என்னடி ஏறுது? உப்பா? யாரக் கேட்டு ஏத்துனீங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். அக்கா திரும்பி வந்துவிட்டாள். என் வாழ்நாளில் அவள் திட்டி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. இனி வாய் வழியாக உப்பு போக வேண்டும், தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் கேண்டீனில் உப்பு போட்ட கஞ்சி வாங்கி வந்தேன். அக்கா வாயை இறுக மூடிக்கொண்டாள். மாமா கெஞ்சினார். நர்ஸ் அதட்டினார். காலையும் போனது, மதியமும் போனது. சாயங்காலம் எடுத்த ரத்தத்தில் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. இப்படியே விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும், இன்னொரு வலிப்பை இந்த உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

நான் மாமாவை வெளியே அனுப்பிவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். திட்டித் தீர்த்துவிடத்தான் நினைத்தேன். அவள் முந்திக்கொண்டாள். குரல் கம்மிப் போயிருந்தது.

"ஊசியில ஏறுனது எனக்குத் தெரியாம ஏறுனது. அத முருகன் மன்னிப்பான். நானா வாயத் தொறந்து உப்பத் தின்னு, உனக்கு அந்தக் கட்டி திரும்பி வந்துருச்சுன்னா?"

வராது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல வரவில்லை. ஒவ்வொரு நாளும் குளிக்கும்போது என் விரல் தானாக அந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறது. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. அவளிடம் எப்படிப் பொய் சொல்வது?

"வந்தாலும் வரும்" என்றேன். "வந்தா, மறுபடி அந்த வராந்தாவுல எம் பக்கத்துல உக்கார யாரு இருக்கா? நீ இருக்கணும்ல அக்கா?"

ஜன்னலுக்கு வெளியே யாத்திரை முடித்த கூட்டம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகும் சத்தம் கேட்டது. அக்கா கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டாள். அவனிடம் என்ன பேசினாள் என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. பிறகு வாயைத் திறந்தாள்.

ஒரு கரண்டி கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

"உப்பு பத்தலடி" என்றாள்.

நான் கிண்ணத்தை அவள் மடியில் வைத்துவிட்டு உப்பு வாங்கக் கேண்டீனுக்கு ஓடினேன்.